மாஸ்டர்ஸ் குழுவில் சேரலாமா, தனியாகவே நீந்தலாமா?

போன மாதம் ஒரு நண்பர் வீட்டு விருந்தில் பேச்சு எப்படியோ நீச்சலுக்குத் திரும்பியது. நண்பர் வாரத்துக்கு மூன்று நாள் ஒய்எம்சிஏ குளத்தில் நீந்துகிறவர். "போட்டி கீட்டின்னு எதுக்கும் போற எண்ணமே இல்ல. அப்புறம் எனக்கு எதுக்குங்க மாஸ்டர்ஸ் மெம்பர்ஷிப்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மாஸ்டர்ஸ் என்பது பெரியவர்களுக்கான நீச்சல் அமைப்பு. நான் அதில் நான்காவது வருடமாக இருக்கிறேன். இருந்தும் "சேர்ந்துடுங்க" என்று சட்டென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையில் சாப்பாட்டுத் தட்டோடு நின்றுகொண்டு அவரிடம் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் இருப்பது கலிஃபோர்னியாவில், சான் ஹோசே பக்கம். அதனால் விலை, வழக்கம் எல்லாம் இந்த ஊர்க் கணக்கு.

முதலில் பலரைப் பயமுறுத்துவது அந்தப் பெயர்தான். மாஸ்டர்ஸ் என்றதும் நீச்சலில் கரை கண்டவர்கள் என்று தோன்றும். உண்மையில் அதற்கு 18 வயது முடிந்தவர் என்பதற்கு மேல் அர்த்தம் கிடையாது. ரான்சம் ஆர்தர் என்ற கடற்படை மருத்துவர், வளர்ந்தவர்களுக்கும் ஏதாவது ஒரு இலக்கு இருந்தால் உடம்பைப் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தார். கோச்சுகள் சங்கத்தின் தலைவராக இருந்த ஜான் ஸ்பானத்திடம் அதைச் சொல்லி, 1970 மே மாதம் டெக்சஸில் அமரில்லோ என்ற ஊரில் முதல் போட்டி நடந்தது. அதுதான் இன்றைய யு.எஸ். மாஸ்டர்ஸ் ஸ்விம்மிங்கின் தொடக்கம். இப்போது நாடு முழுக்க சுமார் 60,000 உறுப்பினர்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் போட்டிப் பக்கம் போவதே இல்லை. என் லேனில், அதாவது குளத்தில் கயிறு கட்டிப் பிரித்த பாதையில், இருக்கும் ஐந்து பேரில் ஒருவர் மட்டும்தான் இதுவரை போட்டியில் நீந்தியிருக்கிறார். ஆக, "நான் போட்டிக்குப் போக மாட்டேன்" என்பது சேராமல் இருக்கக் காரணம் ஆகாது. அதற்கு வேறு நல்ல காரணங்கள் இருக்கின்றன.

அடுத்த குழப்பம் பணத்தில். தேசிய அமைப்பின் உறுப்பினர் அட்டை வேறு, உங்கள் ஊர்க் குளத்தில் காலையில் கூடிப் பயிற்சி செய்கிற குழு வேறு. அட்டைக்கு வருடத்துக்கு ஒரு முறை கட்ட வேண்டும், 100 டாலருக்குள் முடிந்துவிடும். குழுவுக்கு மாதாமாதம் தனியாகக் கட்ட வேண்டும். குளத்து வாடகை, கோச் சம்பளம் எல்லாம் அதிலிருந்துதான் போகிறது. நான் கட்டுவது மாதம் 90 டாலர். அட்டை இல்லாமல் குழு சேர்த்துக்கொள்ளாது. குழு இல்லாமல் அட்டை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். நண்பர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தார், நானும் ஆரம்பத்தில் அப்படித்தான். ஆக இதில் இருப்பது இரண்டு கேள்விகள். இரண்டாவதற்கு ஆம் என்றால் முதலாவது தானாகவே முடிந்துவிடும்.

அட்டையை மட்டும் வாங்கினால் என்ன கிடைக்கும்? நீச்சல் பற்றிய ஒரு பத்திரிகை. இணையத்தில் பயிற்சித் திட்டங்கள், கை வீசும் முறை (ஸ்ட்ரோக்) பற்றிய வீடியோக்கள். கடைகளில் கொஞ்சம் தள்ளுபடி. போட்டியில் கலந்துகொள்ளும் உரிமை. வேலை விஷயமாக ஊர் ஊராகப் போகிறவராக இருந்தால், அந்த ஊர் மாஸ்டர்ஸ் குழுவுக்கு முன்கூட்டி எழுதிக் கேட்டுவிட்டு ஒரு நாள் போய் நீந்தலாம். பெரும்பாலும் அட்டையைத்தான் கேட்பார்கள். ஆஸ்டினில் ஒரு வாரம் ஹோட்டலில் கிடந்தபோது எனக்கு அது உதவியது.

தனியாக நீந்துகிறவருக்கு இதில் கொஞ்சமாவது சுவாரசியம் தருவது, வீட்டுப் பக்கத்துக் குளத்திலிருந்தே கலந்துகொள்கிற சவால்கள். வருடம் முழுக்க எத்தனை மைல் நீந்தினீர்கள் என்று நீங்களே பதிந்துகொண்டு போகலாம், உறுப்பினர்களுக்கு அது இலவசம். பிப்ரவரியில் 30 நிமிட நீச்சல், ஜூலையில் 2 கிலோமீட்டர், நவம்பரில் ஒரு மைல் என்று சின்னச் சின்னச் சவால்களும் உண்டு. வருடத் தொடக்கத்தில் ஒரு மணி நேர நீச்சல் ஒன்று நடக்கும். ஒரு மணி நேரத்தில் எத்தனை தூரம் போகிறீர்கள் என்று பக்கத்தில் ஒருவர் நின்று எண்ணித் தர வேண்டும். அந்தக் காலத்தில் அந்த எண்ணிக்கையைத் தபாலில் அனுப்பிவைத்தார்களாம், அதற்குப் பிறகும் ரொம்ப நாள் பெயரில் தபால் ஒட்டிக்கொண்டிருந்தது. என் மகனை எண்ண உட்கார வைத்தேன். நாற்பதாவது நிமிடத்தில் போனை எடுத்துவிட்டான். அந்த வருடம் நான் எத்தனை நீளம் (ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரை ஒரு நீளம்) போனேன் என்பது எங்கள் வீட்டில் இன்றும் தீராத வழக்கு.

இதெல்லாம் வேண்டுமா என்றால், பயிற்சித் திட்டமும் வீடியோவும் வெளியிலேயே இலவசமாகக் கொட்டிக் கிடக்கின்றன. எண்களைப் பார்த்தால் உற்சாகம் வருகிற ஆள் என்றால் அட்டை மட்டும் வாங்கினாலும் நஷ்டமில்லை. மற்றபடி, அட்டையை மட்டும் வாங்கி வைத்துக்கொள்வது நூலக அட்டை எடுத்துவிட்டு நூலகம் போகாமல் இருப்பதைப் போலத்தான். அட்டையின் முக்கியமான வேலையே குழுவுக்குள் நுழைய விடுவதுதான்.

காப்பீடு பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் பலர் அதற்காகவே அட்டை வாங்குவதாகச் சொல்கிறார்கள். அந்த விபத்துக் காப்பீடு, முறைப்படி கண்காணிப்பில் நடக்கும் மாஸ்டர்ஸ் பயிற்சிக்கும் போட்டிக்கும்தான். அதுவும் உங்கள் சொந்த மருத்துவக் காப்பீடு கொடுத்தது போக மீதிக்கு. நீங்கள் பாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை அடுக்ககத்துக் குளத்தில் நீந்தும்போது வழுக்கி விழுந்தால் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சரி, தனியாக நீந்துவதற்கு வருவோம். அதற்கு எதிராக நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஒன்பது வருடம் அப்படித்தான் நீந்தினேன். நகராட்சிக் குளத்தில் ஒரு தடவைக்கு ஏழெட்டு டாலர். ஒய்எம்சிஏ போன்ற இடத்தில் மாதச் சந்தா கட்டினால் ஜிம், சானா எல்லாம் சேர்ந்து வரும். நினைத்தபோது போகலாம், நினைத்தபோது கரையேறலாம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீருக்குள் தலை போனதும் மீட்டிங் இல்லை, போன் இல்லை. அந்த அரை மணி நேர அமைதிக்காகவே போகிறவர்கள் உண்டு. அது போதும் என்கிறவருக்கு வேறெதுவும் தேவையில்லை.

எனக்குப் போதாமல் போனது எப்படி என்றால், ஒன்பது வருடமும் நான் ஒரே வேகத்தில் ஒரே ஆயிரம் யார்டைத்தான் நீந்திக்கொண்டிருந்தேன். 40 நீளம், துண்டு, வீடு. முதல் ஆறு மாதம் மூச்சு கூடியது, எடை குறைந்தது. அப்புறம் உடம்பு பழகிவிட்டது. தெரிந்த வழியில் தூங்கிக்கொண்டே போகும் மாட்டு வண்டி மாதிரி கை கால் தானாகப் போகும், மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். அதுவும் தப்பான கணக்கு. இது இருபத்திரண்டா, இருபத்துநாலா?

அதைவிடப் பெரிய விஷயம், நான் தப்பாக நீந்திக்கொண்டிருந்தேன், அதை என்னிடம் சொல்ல ஆளில்லை. நான் நீச்சல் கற்றது பல்லடம் பக்கத்தில் எங்கள் தோட்டத்துக் கிணற்றில். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி மாமா தள்ளிவிட்டார். முதல் வாரம் கடப்பாரை நீச்சல்தான். கிணற்றில் தலையைத் தூக்கிக்கொண்டுதான் நீந்துவோம். அப்போதுதான் மேலே மோட்டார் ரூம் கூரையிலிருந்து எவன் நம் தலையில் குதிக்கப் போகிறான் என்று தெரியும். அங்கே அது புத்திசாலித்தனம். 25 யார்டு குளத்தில் அதையே செய்தால், தலை மேலே போகப் போக இடுப்பு கீழே போகும். உடம்பு தண்ணீரில் சாய்வாக நின்று தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும். பாதி பலம் அதிலேயே வீண். இதை ஒன்பது வருடம் செய்திருக்கிறேன். கையில் கட்டியிருந்த கடிகாரம் தூரம், நேரம், எத்தனை கை வீச்சு எல்லாம் சொன்னது. தலையைக் கீழே போடு என்று அது சொல்லவில்லை.

இப்போது இருக்கும் மாஸ்டர்ஸ் குழுவில் முதல் நாள், இரண்டாவது நீளத்திலேயே கோச் என்னை நிறுத்திவிட்டார். எழுபதைத் தொடும் அம்மையார். "கீழே என் கால்விரல் தெரிகிற மாதிரி பாருங்கள், எதிர்ச் சுவரைப் பார்க்காதீர்கள். சுவர் எங்கேயும் போகாது" என்றார். அப்புறம் மூச்சு. நான் தலையை வெளியே திருப்பியபின் மூச்சை விட்டு, அவசரமாக இழுத்துக்கொண்டிருந்தேன். முகம் தண்ணீருக்குள் இருக்கும்போதே விட்டு முடித்துவிட்டால், வெளியே வரும்போது இழுக்கிற வேலை மட்டும்தான். இந்த இரண்டும் பழகவே மூன்று மாதம் ஆனது. அன்று 100 யார்டுக்கு எனக்கு 2 நிமிடம் 40 விநாடி ஆனது. இப்போது 1:55. இது ஒன்றும் பெரிய வேகமில்லை. ஆனால் அதே மூச்சில் இப்போது ஆயிரத்துக்குப் பதில் 2,500 யார்டு போகிறேன்.

குழுப் பயிற்சி என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வித்தியாசமே அதில்தான் இருக்கிறது. லேன்களை வேகப்படி பிரித்திருப்பார்கள். முதல் லேன் மெதுவானவர்களுக்கு, போகப் போக வேகம். ஒவ்வொரு லேனிலும் நாலைந்து பேர், கயிற்றை ஒட்டி வலப்பக்கமாகப் போய் வலப்பக்கமாகத் திரும்பி வட்டமாகச் சுற்றுவோம். பலகையில் அன்றைய பயிற்சி எழுதியிருக்கும். உதாரணமாக, 10 தடவை 100, இரண்டு நிமிடத்தில். அதாவது இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை சுவரை உதைத்துக் கிளம்ப வேண்டும். 1:45-இல் வந்தால் 15 விநாடி ஓய்வு. 1:58-இல் வந்தால் இரண்டு விநாடி, ஒரு மூச்சு, கிளம்பு. சுவரில் விநாடி முள் மட்டும் சுற்றும் பெரிய கடிகாரம் ஒன்று இருக்கும். கருணையே இல்லாத முள். தனியாக நீந்தும்போது நான் ஒருநாளும் எனக்கு இப்படி ஒரு கெடு வைத்துக்கொண்டதில்லை. வைத்திருந்தாலும் மூன்றாவது நூறில் நானே என்னை மன்னித்து விட்டிருப்பேன்.

ஒரு வேடிக்கை. லேனில் முன்னால் போகிறவரைத் தாண்ட வேண்டுமென்றால் அவர் பாதத்தை லேசாகத் தொட வேண்டும். சுவர் வந்ததும் அவர் ஒதுங்கி வழிவிடுவார். அதுதான் இங்கே மரியாதை. நமக்கோ, தெரியாமல் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற பழக்கம். முதல் ஒரு மாதம் யார் காலையும் தொட மனசு வராமல் பின்னாலேயே நீந்தினேன். என்னைத் தொட்டுத் தாண்டியவர்களில் ஒருவருக்கு 78 வயது. அவர் காலைத்தான் நான் தொட்டிருக்க வேண்டும்.

அப்புறம் நேரம். எங்கள் பயிற்சி காலை ஐந்தரைக்கு. தனியாக நீந்திய காலத்தில் ஐந்து மணி அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கிய நாட்கள் எண்ணிக்கையில் அடங்காது. இப்போது நான் போகாவிட்டால் லேனில் இருப்பவர்கள் அடுத்த நாள் "எங்கே காணோம்?" என்று கேட்பார்கள். இவ்வளவுதான் விஷயம். மாதம் 90 டாலரில் பாதி இந்த ஒரு கேள்விக்காகத்தான் என்று தோன்றுகிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் குழுவில் இல்லாத காலத்தில் மாஸ்டர்ஸ்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது. காலை நேரத்தில் எட்டு லேனில் ஆறை அவர்கள் வாடகைக்கு எடுத்துவிடுவார்கள். மிச்சம் இரண்டில் எங்களைப் போன்றவர்கள் முட்டிமோதிக்கொண்டிருப்போம். இப்போது நான் அந்த ஆறு லேனில் இருக்கிறேன். கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. உங்கள் குளத்திலும் நல்ல நேரமெல்லாம் குழுக்களிடம்தான் இருக்கிறது என்றால், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எல்லாக் குழுவும் இப்படியா என்றால் இல்லை. நான் முதலில் சேர்ந்தது இந்தக் குழுவில் அல்ல. முந்தையதில் கோச் பலகையில் எழுதிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்ப்பார். மூன்று மாதத்தில் என் நீச்சலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. லேனில் இருந்தவர்கள் கல்லூரிக் காலத்திலிருந்தே ஒன்றாக நீந்துகிறவர்கள். கெட்டவர்கள் இல்லை, ஆனால் புதிதாக ஒருவன் வந்திருக்கிறான் என்று யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அவர்கள் வேகத்துக்கு ஈடுகொடுக்கப் போய் வலது தோளில் வலி வந்து ஆறு வாரம் தண்ணீரே கிடையாது. தவறான லேனில் நின்றது என் வீம்பு. அதைப் பார்த்து "நீங்கள் பக்கத்து லேனுக்குப் போங்கள்" என்று சொல்ல வேண்டியது கோச்சின் வேலை. பிசியோதெரபிக்குக் கட்டிய பணத்தில் இரண்டு வருட அட்டை வாங்கியிருக்கலாம். அப்படிப்பட்ட குழுவைவிடத் தனியாக நீந்துவது எவ்வளவோ மேல்.

நீந்தவே தெரியாதவர்கள், அல்லது ஒரு நீளம் நிற்காமல் போக முடியாதவர்கள் இந்த ஒப்பீட்டிலேயே வர வேண்டாம். அவர்களுக்கு வேறு வழி. அதைச் சொல்லக் கூச்சப்படவும் வேண்டாம். அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையமான சிடிசி 2024-இல் வெளியிட்ட கணக்குப்படி அமெரிக்காவில் ஏறத்தாழ 4 கோடி பெரியவர்களுக்கு நீந்தத் தெரியாது, மொத்தப் பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒரு நீச்சல் வகுப்புக்குக்கூடப் போனதில்லை. நம் ஆட்களை நான் பார்க்கும் இடம் பிள்ளைகளின் நீச்சல் வகுப்பு. பிள்ளை தண்ணீரில், அம்மா அப்பா பெஞ்சில் லேப்டாப்போடு. என் மனைவியும் அப்படிப் பெஞ்சில் நாலு வருடம் உட்கார்ந்திருந்தவள்தான். 41 வயதில் ஒரு நாள், "இவன் முழுகினா எனக்கு என்ன பண்ணத் தெரியும்?" என்று கேட்டுவிட்டுப் பெரியவர்களுக்கான ஆரம்ப வகுப்பில் சேர்ந்தாள்.

யு.எஸ். மாஸ்டர்ஸ் அமைப்பே பெரியவர்களுக்குக் கற்றுக்கொடுக்க ஆசிரியர்களைப் பயிற்றுவித்துச் சான்றிதழ் கொடுக்கிறது. ஏப்ரல் மாதத்தைப் பெரியவர்கள் நீச்சல் கற்கும் மாதம் என்றே கொண்டாடுகிறார்கள். அந்தச் சான்றிதழ் உள்ளவரைத் தேடிப் பிடியுங்கள். குழந்தைகளுக்குக் கற்றுத்தருவதும் பெரியவர்களுக்குக் கற்றுத்தருவதும் ஒன்றில்லை. குழந்தைக்குப் பயம் குறைவு, விளையாட்டாகப் பழகிவிடும். நாற்பது வயதுக்காரருக்கு முகத்தைத் தண்ணீரில் வைப்பதற்கே ஒரு வாரம் ஆகலாம். அதை அவசரப்படுத்தாதவர்தான் நல்ல ஆசிரியர். மனைவி பத்து வகுப்பில் மிதக்கவும், மல்லாக்க நீந்தவும், ஒரு நீளம் போகவும் கற்றுக்கொண்டாள். இப்போது ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் முழுக்கை நீச்சல் உடையில் அவள் பாட்டுக்கு நீந்துகிறாள். உடையைப் பற்றி யாரும் ஒன்றும் சொன்னதில்லை. என் குழுவிலும் முழு உடம்பும் மூடிய உடையில் இரண்டு பேர் வருகிறார்கள். பயிற்சிக்கு அப்படி ஒரு கட்டுப்பாடும் கிடையாது, போட்டி உடைக்குத்தான் விதிகள் உண்டு. "நீயும் குழுவுக்கு வாயேன்" என்று ஒரு தடவை கேட்டேன். "அஞ்சரைக்கு எழுந்து இன்னொருத்தர் சொல்றதைக் கேட்கணுமா? அதுக்கு ஆபீஸ் இருக்கு" என்றாள். அதோடு நான் விட்டுவிட்டேன்.

திறந்த நீர் நீச்சல் பற்றியும் நண்பர் கேட்டார். சான் பிரான்சிஸ்கோவில் அக்வாட்டிக் பார்க் கரையில் இரண்டு பழைய கிளப்புகள் அடுத்தடுத்து இருக்கின்றன. சவுத் எண்ட் 1873-இல் தொடங்கியது, டால்ஃபின் கிளப் 1877-இல். வளைகுடாத் தண்ணீர் குளிர்காலத்தில் 10 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கிவிடும். அதில் வெறும் நீச்சல் உடையோடு இறங்குகிறவர்கள் அங்கே சாதாரணம். நான் ஒரு தடவை இறங்கினேன், நான்கு நிமிடம். கரையேறியதும் தேநீர்க் கோப்பையைப் பிடிக்கக் கை வரவில்லை. அது ஒரு தனி உலகம். குளத்தில் தனியாக நீந்துவதற்கு மாற்றாக அதை யோசிப்பவர், முதலில் கூட நீந்த ஆள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குளத்தில் தனியாக நீந்தினாலும் லைஃப்கார்டு இருப்பார். கடலில் தனியாக இறங்குவது தனிமை விரும்பிகளுக்கும் கூடாது. டிரையத்லான் குழு என்று ஒன்றும் உண்டு. சைக்கிளும் ஓட்டமும் பிடித்தால் போங்கள். நீச்சலுக்காக மட்டும் அங்கே போகாதீர்கள்.

வயதைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி. ஜப்பானில் மியெகோ நாகாவோகா என்ற பாட்டி எண்பது வயதுக்கு மேல்தான் முறையாக நீந்தத் தொடங்கினார், அதுவும் முழங்கால் வலிக்காக. 2015-இல், நூறு வயதில், மாஸ்டர்ஸ் போட்டி ஒன்றில் 1,500 மீட்டரை ஒன்றேகால் மணி நேரத்தில் நீந்தி முடித்தார். முழுக்க மல்லாக்க நீந்தியே. மாஸ்டர்ஸில் வயதுப் பிரிவுகள் ஐந்தைந்து வருடமாக இருக்கும். 45 முடிந்தால் 45–49 பிரிவில் நீங்கள்தான் இளைஞர். பிறந்த நாளுக்காகக் காத்திருக்கும் பெரியவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இனி ரூபாய்க் கணக்கு, அதாவது டாலர்க் கணக்கு. மாதம் 90 டாலர் கட்டி வாரம் மூன்று நாள் போனால் ஒரு நாளைக்கு ஏழரை டாலர். நகராட்சிக் குளத்தில் கோச் இல்லாமல் நீந்துவதற்கும் கிட்டத்தட்ட அதே விலைதான். வாரம் இரண்டு நாள் என்றால் பத்து, பதினொன்று. அதுவும் பரவாயில்லை. வாரம் ஒரு நாள்தான் முடியும் என்றால் ஒரு தடவைக்கு 22 டாலருக்கு மேல். அதற்குச் சேர வேண்டாம். அந்தப் பணத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஒரு கோச்சிடம் அரை மணி நேரம் தனி வகுப்பு எடுத்துக்கொண்டு, மற்ற நாள் தனியாக நீந்தினால் லாபம் அதிகம். தனி வகுப்பு எங்கள் பக்கம் மலிவில்லை. ஆனால் நமக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் ஒன்றிரண்டு திருத்தங்கள்தான், அவற்றைப் பழகத்தான் மாதக்கணக்கில் ஆகிறது. ஒய்எம்சிஏ சந்தா ஏற்கெனவே கட்டுகிறவர்கள் அங்கேயே மாஸ்டர்ஸ் பயிற்சி நடக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். சில கிளைகளில் உண்டு. கூடுதலாகக் கொஞ்சம் கட்டினால் போதும்.

சேரலாமா என்று பாதி மனசோடு இருக்கிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் போய்ப் பாருங்கள். பெரும்பாலான குழுக்கள் ஓரிரு நாள் இலவசமாக நீந்த விடும். அன்று வேகமான லேன்களைப் பார்க்காதீர்கள், அங்கே எல்லாக் குழுவிலும் எல்லாம் நன்றாகத்தான் நடக்கும். கோச் முதல் லேனுக்கு எத்தனை தடவை வருகிறார் என்று பாருங்கள். மெதுவாக நீந்துகிறவரிடம் குனிந்து உட்கார்ந்து கையைக் காட்டிப் பேசுகிறாரா? பயிற்சியை அவர்களுக்கு ஏற்றபடி குறைத்துத் தருகிறாரா? சுவரில் ஓய்வெடுக்கும்போது லேன்காரர்கள் உங்கள் பெயரைக் கேட்டார்களா? என் முதல் குழுவுக்கு இந்தக் கேள்விகளோடு போயிருந்தால் என் தோள் தப்பித்திருக்கும். பெரிதாக எதுவும் வாங்கிக்கொண்டு போக வேண்டாம். காகிள்ஸ், தொப்பி, துண்டு. கிக்போர்டு, கால் இடுக்கில் வைக்கும் மிதவை எல்லாம் குளத்திலேயே அடுக்கி வைத்திருப்பார்கள்.

விருந்தில் நண்பரிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். "நீந்தும்போது என்ன நினைச்சுட்டு இருப்பீங்க?"

"ஒண்ணுமே நினைக்க மாட்டேன். அதுக்காகத்தானே போறேன்" என்றார்.

"அப்ப நீங்க சேர வேண்டாம்" என்றேன். அவருக்கே அது ஆச்சரியமாக இருந்தது. நான் பேசிய பேச்சுக்குப் படிவத்தை நீட்டப் போகிறேன் என்று நினைத்திருப்பார். ஆனால் சட்னியை எடுக்கக் கையை நீட்டியபோது அவர் இடது தோளை ஒரு மாதிரி சுளித்ததைப் பார்த்திருந்தேன். எத்தனை நாளாக என்று கேட்டேன். நீந்த ஆரம்பித்ததிலிருந்தே என்றார். எங்கள் கோச் அம்மையாரிடம் அரை மணி நேர வகுப்பு இரண்டு மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லி, அவரிடம் கேட்டு நேரமும் வாங்கிக்கொடுத்தேன். முதல் வகுப்பு போன சனிக்கிழமை முடிந்தது. அன்று மாலை நண்பரிடமிருந்து வாட்ஸப்பில் ஒரே ஒரு வரி வந்தது: "எனக்கும் சுவர் எங்கேயும் போகாதுன்னு சொன்னாங்க."